ஐஓஸ்ட்ரீம்.எச் காணாமற்போன வரலாறு

2008ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி ஜிசிசி என்னும் தொகுப்பானின் 4.3.0 பதிப்பு வெளியாயிற்று. நாளிதழ்களின் முதற்பக்கத்துக்கு வரக்கூடிய செய்தி அன்று அது. மனிதர் எழுதும் செய்நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரும் கருவியையே தொகுப்பான் என்கிறோம், பேச்சுவழக்கில் கம்பைலர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி, மூலநிரலோடு இலவசமாகக் கிடைப்பது. லினக்ஸ் உலகின் பெரும்பகுதி அதன் தோளில் ஏறி நிற்கிறது.

அந்தப் பதிப்பின் மாற்றக் குறிப்புகளில் இரண்டு சிறிய செய்திகள் இருந்தன. பழைய பாணியிலான சில தலைப்புக் கோப்புகள் நீக்கப்படுகின்றன என்பது ஒன்று. எஞ்சிய தலைப்புக் கோப்புகள் ஒன்றையொன்று தேவையின்றி உள்ளே இழுத்துக்கொள்வது குறைக்கப்படுகிறது என்பது மற்றது. அவ்வளவுதான். முதல்நாள்வரை ஒரு குறையுமின்றிக் கட்டப்பட்டுவந்த ஏராளமான மென்பொருள்கள், புதிய தொகுப்பானிடம் கொடுத்தபோது கட்ட மறுத்தன. அவற்றில் ஓர் எழுத்தைக்கூட எவரும் மாற்றியிருக்கவில்லை.

இதைப்பற்றி ஓய்வுபெற்ற ஒரு பத்திரிகையாளன் எதற்காக எழுதவேண்டும் என்று வாசகர்கள் வினவலாம். காரணம் உண்டு. இந்த மாற்றத்தின் சுமை, அதைச் செய்தவர்கள் ஒருபோதும் கண்டிராத இடங்களிலே போய் இறங்கியது. அவற்றுள் ஒன்று எங்கள் ஊர்.

நான் இருப்பது திருகோணமலையில், உட்துறைமுகத்தை அடுத்த ஓர்ஸ் ஹில்லில். புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் பலருக்கு 'உவர்மலை' என்றால்தான் நினைவு வரும். ஒலியில் நெருங்கிய இரு பெயர்கள், ஒரே மேடு. தபாற்காரர் இரண்டையும் அறிவார். ஆதலால் எந்தப் பெயரில் எழுதினாலும் கடிதம் வந்து சேரும். தொகுப்பான் அப்படிப்பட்ட தபாற்காரர் அல்ல. அதற்கு ஒரு பெயரென்றால் அந்த ஒரு பெயர்தான்.

போர் ஓய்ந்து ஓராண்டு கழிந்த 2010ஆம் ஆண்டில், அயல்வீட்டுப் பிள்ளையொருத்தி நிலாவெளி வீதியால் கோணேசபுரி வளாகத்துக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தது ஒரு பழைய கணினி. அதில் நிறுவப்பட்டிருந்தது உபுண்டு லினக்ஸ். அக்காலத்தில் அதன் குறுவட்டைக் கேட்பவர்க்கெல்லாம் உலகின் எந்த மூலைக்கும் தபாலில் இலவசமாக அனுப்பிவந்தார்கள். 2011இலேதான் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. பாடம் படிக்க அவளுக்கிருந்தது, யாரோ உறவினர் சென்னையிலிருந்து கொண்டுவந்த சி++ நூல். நூலின் முதலாவது செய்நிரல் ஏழெட்டு வரிகள். திரையில் ஒரு வாழ்த்தை எழுதிக்காட்டுவது. அதை அப்படியே தட்டச்சு செய்தால், 'ஐஓஸ்ட்ரீம்.எச்: அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்று பதில் வருகிறது.

"மாமா, நான் எழுத்துக்கு எழுத்துப் பார்த்துத்தான் அடிச்சனான். மூன்று தரம் அடிச்சுப் பார்த்திட்டன். எனக்கு இது சரிவராது போல" என்றாள்.

கணினி எனக்குத் தொழிலன்று. ஆனால் படியொப்புநோக்கல் எனது தொழிலாக இருந்திருக்கிறது. புத்தகத்தை அவள் வாசிக்க, திரையை நான் பார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. புத்தகத்திலே இருந்த அந்தக் கோப்பு, இரண்டாண்டுகளுக்கு முன் உலகத்திலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது என்பதை அறிய எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. என்னை உறுத்தியது பிழை அல்ல. 'எனக்கு இது சரிவராது போல' என்ற அவளது கடைசி வாக்கியந்தான். அதை அவள் மட்டுமா சொல்லியிருப்பாள்?

தலைப்புக் கோப்பு என்பது என்ன என்பதை முதலில் பார்க்கவேண்டும். எமது மாகாணத்தில் வாழ்ந்தவர்க்கு அதை விளக்குதல் எளிது. ஒருவர் எங்கே போவதானாலும், எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பதானாலும், இன்னார் இன்ன இடத்தில் வசிப்பவர் என்று கிராம சேவகர் எழுதித்தரும் கடிதம் வேண்டும். கடிதத்தில் ஆளின் வாழ்க்கை வரலாறு இராது. பெயரும் அடையாளமும் மாத்திரமே இருக்கும். செய்நிரலில் வரும் ஒவ்வொரு பெயரைப் பற்றியும் தொகுப்பான் கேட்பது இதைத்தான். இது யார், எதைப் பெற்றுக்கொள்ளும், எதைத் திருப்பித் தரும்? இந்த அடையாளங்களைத் தொகுத்து வைத்திருப்பதே தலைப்புக் கோப்பு. செய்நிரலின் தலையில் 'இன்க்ளூட்' என்று எழுதி அதன் பெயரைக் குறித்தால், தொகுப்பான் அந்தக் கோப்பு முழுவதையும் அந்த இடத்திலே கொண்டுவந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஒட்டுவேலை 1970களின் தொடக்கத்துக்குரியது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்த காலம். அலன் ஸ்னைடர் என்பவரின் தூண்டுதலாலும், பிசிபிஎல், பிஎல்/ஐ ஆகிய மொழிகளில் இருந்த கோப்புச் சேர்ப்பு வசதியைக் கண்டதாலும், 1973 அளவில் இது சி மொழியில் சேர்ந்தது. அன்றைய கணினியின் நினைவகம் மிகச் சிறியது. மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்துப்போகும் தொகுப்பானுக்கு, பெயர்களை முன்கூட்டியே அறிவித்துவிடுவது வசதியாக இருந்தது. அரைநூற்றாண்டு கடந்தும் அதே ஒட்டுவேலை நடக்கிறது.

பின்னர் அதே ஆய்வுக்கூடத்தில் பியான் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் தொடங்கிய பணி, 1985இல் சி++ என்ற பெயரோடு வெளியே வந்தது. உள்ளீடு வெளியீடுகளுக்கான ஐஓஸ்ட்ரீம் என்னும் நூலகத்தை ஜெரி ஷ்வார்ட்ஸ் வடிவமைத்தார். அதன் தலைப்புக் கோப்பின் பெயர், சி மொழியின் வழக்கத்தை ஒட்டி, ஐஓஸ்ட்ரீம்.எச். போர்லண்ட் நிறுவனம் டர்போ சி++ தொகுப்பானை 1990இல் வெளியிட்டபோது இந்தப் பெயரே நடைமுறையில் இருந்தது. ஆகவே, அக்காலத்து நூல்கள் அந்தப் பெயரை அச்சிட்டதில் தவறேதும் இல்லை. நீலத்திரையும் மஞ்சள் எழுத்துமாக டர்போ சி++ இந்தியக் கல்லூரிகளிலும் கணினிப் பயிற்சி நிலையங்களிலும் புகுந்த வேகம் சொல்லுந்தரமன்று. சின்னஞ்சிறிய மென்பொருள், நெகிழ்வட்டில் கைமாறியது, எந்தக் கணினியிலும் ஓடியது. உரிமத்தைப் பற்றி எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1998இல் சி++ மொழிக்கான சர்வதேசத் தரம் வந்தது. அதில் ஐஓஸ்ட்ரீம்.எச் இல்லை. இருந்தது வெறும் ஐஓஸ்ட்ரீம். பின்னாலிருந்த புள்ளியும் எச்சும் உதிர்ந்துவிட்டன. இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. புதிய தரத்தில் நூலகப் பெயர்கள் யாவும் 'எஸ்டிடி' என்ற ஒரு வளாகத்துக்குள் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டன. உள்ளடக்கமும் பல இடங்களில் மாறியது. பழைய பெயரையே வைத்துக்கொண்டு பொருளை மாற்றினால் பழைய செய்நிரல்கள் குழம்பும். எனவே புதியதற்குப் புதுப் பெயர் வைத்து, பழையதைத் தரத்துக்கு வெளியே விட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். பழைய கோப்பை வைத்திருப்பதா, விடுவதா என்பது தொகுப்பான் செய்வோரின் விருப்பம் ஆயிற்று.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2003ஆம் ஆண்டின் விஷுவல் சி++ பதிப்பிலேயே பழையதைக் கைவிட்டது. ஜிசிசி கூடுதல் பொறுமை காட்டியது. 2001 யூனில் வந்த 3.0 பதிப்பு முதல், பழைய தலைப்புக் கோப்புகளை 'பின்னோக்கு' என்று பொருள்படும் பெயரில் தனிக் கோப்புறையொன்றில் ஒதுக்கிவைத்தது. பயன்படுத்தினால் வேலை நடக்கும்; ஆனால் ஓர் எச்சரிக்கையும் வரும். காலாவதியான தலைப்புக் கோப்பைப் பயன்படுத்துகிறீர், தரத்தின் 17.4.1.2ஆம் பிரிவிலுள்ள 32 தலைப்புக் கோப்புகளில் ஒன்றைப் பயன்படுத்தலாமே என்று பிரிவு எண்ணோடு அறிவுரை சொல்லும் எச்சரிக்கை. சட்டத்தரணியின் அறிவித்தல் போன்ற அந்த வாசகத்தை எத்தனைபேர் படித்திருப்பார்கள்? செய்நிரல் ஓடியது, அது போதுமாயிருந்தது. 2008இல் அந்தக் கோப்புறையில் இருந்த ஐஓஸ்ட்ரீம்.எச் முதலியவை அகற்றப்பட்டன.

இது வெளிப்படையான நீக்கம். எதை இழந்தோம் என்று பெயர் சொல்லித் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது மாற்றமே நுட்பமானது. மென்பொருள் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களையும் அதுவே அதிகம் அலைக்கழித்தது.

மீண்டும் கிராம சேவகரிடம் போவோம். ஒரு குடும்பத்துக்கான கடிதத்தில், அன்று வீட்டில் தங்கியிருந்த விருந்தாளியின் பெயரும் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விருந்தாளி தமக்கெனத் தனிக் கடிதம் எடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தோடு சேர்ந்தே சோதனைச் சாவடிகளைக் கடக்கிறார். பத்தாண்டுகள் எவரும் கேட்கவில்லை. ஒருநாள் கிராம சேவகர் பட்டியலைச் சீர்செய்து, குடும்பத்தவரின் பெயர்களை மட்டும் எழுதுகிறார். அவர் செய்தது சரி. குடும்பத்துக்கும் ஒரு தொல்லையுமில்லை. விருந்தாளி மட்டும் வீதியில் நிற்கிறார்.

சொற்களைக் கையாளும் 'ஸ்டிரிங்' என்ற தலைப்புக் கோப்பு, தன் சொந்தத் தேவைக்காக வேறு பல கோப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் ஸ்டிரிங்கை மட்டும் அழைத்த ஒருவருக்கு, எழுத்துச் சரத்தின் நீளத்தை அளக்கும் 'ஸ்ட்ர்லென்', நினைவகப் பகுதியைப் படியெடுக்கும் 'மெம்கொப்பி', செய்நிரலை முடிக்கும் 'எக்ஸிட்' எல்லாம் கேளாமலே கிடைத்தன. உரிய முறைப்படி இவற்றுக்கு 'சிஸ்டிரிங்', 'சிஸ்ட்லிப்' ஆகியவற்றைத் தனித்தனியே அழைத்திருக்க வேண்டும். அழைக்காமலே ஓடும்போது யார்தான் அழைப்பார்கள்? ஒவ்வொரு செய்நிரலும் பயன்படுத்தாத ஆயிரக்கணக்கான வரிகளைத் தொகுப்பான் ஒவ்வொரு முறையும் வாசிக்கவேண்டியிருந்ததால், ஜிசிசி குழுவினர் இந்தத் தேவையற்ற இழுவையைக் கத்தரித்தார்கள். தொகுக்கும் வேலை இலகுவாயிற்று. 'ஸ்ட்ர்லென் இங்கே அறிவிக்கப்படவில்லை' என்ற குரல் உலகெங்கும் எழுந்தது.

எத்தனை மென்பொருள்கள் இவ்வாறு விழும் என்பதை முன்கூட்டியே அறிய முயன்றவர்கள் டெபியன் திட்டத்தினர். ஆயிரக்கணக்கான மென்பொருட்பொதிகளைக் கொண்ட லினக்ஸ் தொகுப்பு அது. முழுக்கத் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. 2003 முதல் 2005 வரை அதன் தலைவராக இருந்த மார்டின் மிக்கிள்மேயர், ஜிசிசி 4.3 வெளிவருமுன்பே அதன் வளர்நிலைப் படியைக் கொண்டு டெபியனின் களஞ்சியத்தைத் தொகுத்துப் பார்த்தார். தோற்ற பொதி ஒவ்வொன்றுக்கும் அதன் பொறுப்பாளரிடம் வழுவறிக்கை பதிவானது. மூலத்திலிருந்து கட்ட இயலவில்லை, தலைப்புக் கோப்பு விடுபட்டுள்ளது என்று ஒரே தலைப்பில் அடுக்கடுக்காக அறிக்கைகள். 2009 பெப்ரவரி 14ஆம் திகதி டெபியனின் ஐந்தாம் பதிப்பு 'லெனி' வெளியானபோது அதன் தொகுப்பான் ஜிசிசி 4.3தான். இடைப்பட்ட காலத்தில் அந்த ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. பத்திரிகைத் துறையில் எத்தனையோ திருத்தப்பட்டியல்களைக் கண்டவன் நான். இவ்வளவு முன்யோசனையோடு, பிழை நேருமுன்பே தயாரிக்கப்பட்ட திருத்தப்பட்டியலை வேறெங்கும் கண்டதில்லை.

பெரும்பாலான திருத்தங்கள் ஒரேயொரு வரிதான். விடுபட்ட தலைப்புக் கோப்பின் பெயரைச் சேர்த்தால் முடிந்தது. ஆனால் அந்த ஒரு வரியை எழுத ஓர் ஆள் இருக்கவேண்டும். பெருநிறுவனங்களின் மென்பொருளுக்கு ஆள் உண்டு. பலர் பயன்படுத்தும் பொதுமென்பொருளுக்கும் யாராவது கிடைப்பார்கள். ஒற்றை மனிதரின் உழைப்பில் உருவான சிறு மென்பொருளுக்கு, அவர் விலகிப்போன பின் யார் இருக்கிறார்?

தமிழ்க்கணிமையின் வரலாறு பெரும்பாலும் அத்தகைய ஒற்றை மனிதர்களின் வரலாறு. கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய 'முரசு', சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் 'கணியன்', சுவிற்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் 'மயிலை' எழுத்துரு என்று நினைவிலிருந்தே அடுக்கலாம். சம்பளமில்லா வேலை பல. அலுவலகம் முடிந்த இரவுகளில் நடந்தவை. முரசு இன்றும் நிற்கிறதென்றால் அதன் ஆசிரியர் ஒவ்வொரு தலைமுறைக் கணினிக்கும் அதைத் திருத்தித் திருத்தி எழுதிவந்தார் என்பதே காரணம். நா. கோவிந்தசாமி 1999இல் காலமானார். டாஸ் இயங்குதளத்தின் காலத்து ஆதமியை இன்றைய 64 பிட் விண்டோஸ் கணினியில் நேரடியாக ஓட்டவே முடியாது. அடியிலிருப்பது மாறும்போது மேலிருப்பதைத் தாங்கிப்பிடிக்க ஒரு கை வேண்டும். எங்கள் மொழிக்கு அந்தக் கைகள் எப்போதும் குறைவு. ஆங்கிலத்தில் ஒரு சொற்பிழைதிருத்தி கட்டமுடியாமல் போனால் இன்னும் பத்து இருக்கும். தமிழில் ஒன்று போனால் ஒன்று போனதுதான்.

இனிப் பாடநூல்களுக்கு வருவோம். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

தமிழ்நாட்டு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் இரண்டாம் தொகுதி 2005இல் முதற்பதிப்புக் கண்டது. சி++ பற்றியது. சர்வதேசத் தரம் வந்து ஏழாண்டுகள் கழிந்திருந்தன. ஆயினும் அதில் இருந்தவை ஐஓஸ்ட்ரீம்.எச்சும், திரையைத் துடைப்பதற்கான கோனியோ.எச்சும். இந்தக் கோனியோ எந்தத் தரத்திலும் எக்காலத்திலும் இடம்பெற்றதன்று; டாஸ் கணினியின் திரைக்கென்று வந்த வசதி. மத்திய வாரியமான சிபிஎஸ்இயின் பன்னிரண்டாம் வகுப்பு வினாத்தாளிலோ, இன்ன இன்ன செயற்கூறுகள் எந்தத் தலைப்புக் கோப்பைச் சேர்ந்தவை எனக் கேட்கும் வினா ஆண்டுதோறும் எதிர்பார்க்கப்பட்ட ஒன்று. எச் எழுத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண். உலகம் கைவிட்ட பெயர்களை மாணவர்கள் திருக்குறள்போல் ஒப்புவித்தார்கள்.

இதிலுள்ள முரண் 2011இல் உச்சத்தைத் தொட்டது. அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி, திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அரசே கொடுத்த கணினி. அரசே அச்சிட்ட பாடநூல். கணினியின் லினக்ஸ் பக்கத்தைத் திறந்து பாடநூலின் முதற் செய்நிரலை அடித்தால், 'அப்படியொரு கோப்பு இல்லை.' ஒரே வீட்டுக்குள் இரண்டு கைகளும் ஒன்றையொன்று அறியாதிருந்தன. அந்த லினக்ஸைப் பலர் அழித்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வேறு காரணங்களும் இருந்திருக்கும். பாடம் ஓடாத கணினியைப் பிள்ளை வேறென்ன செய்யும்?

விண்டோஸிலும் நிம்மதியில்லை. டர்போ சி++ பதினாறு பிட் காலத்துப் பண்டம். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. அதற்கும் வழி கண்டார்கள். பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்கென்று உருவான டாஸ்பொக்ஸ் என்னும் மென்பொருளுக்குள் டர்போவை அடைத்து, ஒரு சொடுக்கில் நிறுவும்படி சுற்றுக்கு விட்டார்கள். பாடநூலின் ஒரு வரியை மாற்றுவதற்குப் பதிலாக, முப்பதாண்டுப் பழைய கணினியொன்றைப் புதிய கணினிக்குள் பாவனையாகக் கட்டியெழுப்பி, அதற்குள் பிள்ளைகளைக் குடியிருத்தினார்கள். இந்தத் திறமையை வியப்பதா, நோவதா?

தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பதினோராம் வகுப்பு நூலில்தான் எச் இல்லாத ஐஓஸ்ட்ரீம் வந்தது. ஜிசிசியை உள்ளே கொண்ட டெவ் சி++ அதனோடு சேர்ந்து வந்தது. மறு ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு பைத்தன் மொழிக்கு மாறியது. 1998இலிருந்து கணக்கிட்டால் இருபது ஆண்டுகள். அந்த இருபதாண்டுகளில் படித்து வெளியேறியோர், வேலைக்குப் போன முதல் வாரத்தில் தாங்கள் கற்ற முதல் வரியே செல்லாக்காசு என்று கண்டுகொண்டார்கள்.

ஜிசிசிகாரர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பத்தாண்டு அவகாசம் கொடுத்தார்கள், எச்சரித்தார்கள், எதை எப்படித் திருத்துவது என்று வழிகாட்டியும் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த துப்புரவு தேவையானதும்கூட. ஆனால் அறிவித்தல் ஒட்டப்பட்ட சுவர் எங்கே, அதை வாசிக்கவேண்டியவர் எங்கே? எங்கள் துறைமுகத்தில் 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போயிற்று. போகவேண்டியவர்கள் போனார்கள், நாடு விரும்பியதும் அதுதான். தளத்தை நம்பியிருந்த தையற்காரருக்கும் சலவைத்தொழிலாளிக்கும் உடன்படிக்கையில் இடமில்லை, ஏனென்றால் அவர்கள் தளத்தோடு ஒட்டி வந்தவர்கள். தாளில் எழுதப்பட்டவர்கள் அல்லர். யாருடைய பட்டியலிலும் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு அறிவித்தலும் வருவதில்லை. பாடநூலை எழுதியோர், அச்சிடுமுன் ஒருமுறை அன்றைய தொகுப்பானில் ஓட்டிப்பார்த்திருந்தால் அந்தச் சுவரை மாணவர் சார்பில் அவர்கள் வாசித்திருப்பார்கள். அது அவர்கள் கடமை. மாணவருடையதன்று.

கதை 2008ஓடு முடியவில்லை. 2012இன் 4.7 பதிப்பில் யூனிஎஸ்டிடி.எச் என்ற கோப்பு தானாக வருவது நின்றது. 2021இன் ஜிசிசி 11இல் இன்னும் சில கத்தரிக்கப்பட்டன. 2023இன் ஜிசிசி 13இல், முழு எண்களின் அளவைக் குறிக்கும் 'சிஸ்ட்இன்ட்' என்ற கோப்பு விருந்தாளியாக வருவது நின்று, மறுபடியும் லினக்ஸ் தொகுப்புகள் எங்கும் அதே ஒருவரித் திருத்தங்கள். 2024இன் ஜிசிசி 14, சி மொழியில் அறிவிக்கப்படாத செயற்கூற்றை அழைப்பதையே பிழையாக்கிவிட்டது. அந்தச் சலுகையைச் சி மொழியின் தரம் 1999இலேயே விலக்கியிருந்தது. தொகுப்பான் இருபத்தைந்து ஆண்டுகள் வெறும் எச்சரிக்கையோடு பொறுத்திருந்தது. ஒட்டுவேலையையே ஒழிப்பதற்காகச் சி++ மொழியின் 2020ஆம் ஆண்டுத் தரத்தில் 'மொடியூல்' என்ற புதிய முறை சேர்க்கப்பட்டது. அது எல்லா இடங்களிலும் பரவக் காலமெடுக்கும்.

பழைய நூலையே இன்னும் கையில் வைத்திருப்போருக்கு: ஐஓஸ்ட்ரீமின் பின்னாலுள்ள புள்ளியையும் எச்சையும் எடுத்துவிடுங்கள். அடுத்த வரியில் எஸ்டிடி வளாகத்தைப் பயன்படுத்துவதாக அறிவியுங்கள். கோனியோவையும் திரை துடைக்கும் வரியையும் அகற்றுங்கள். மெயினுக்கு முன்னாலுள்ள 'வொய்ட்' என்பதை 'இன்ட்' ஆக்குங்கள். இந்த நான்கும் அந்த ஒரு வாரத்தில் நாங்கள் ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டவை. ஒன்றைத் திருத்தினால் அடுத்தது வழிமறித்தது. ஐந்தாம் முறை வாழ்த்து திரையில் வந்தது. அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1980களிலும் 90களிலும் தமிழுக்கென்று எழுத்துரு மாற்றியோ, விசைப்பலகையோ, அகராதியோ, சொற்பிழைதிருத்தியோ எழுதியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நெகிழ்வட்டுகள் பரணில் கிடக்கும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் நூலகம் திட்டம் எண்ணிம வடிவில் பேணிவருகிறது. மென்பொருளின் மூலநிரலைப் பேணுவதற்கென்றே பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016இல் தொடங்கிய 'சொஃப்ட்வெயர் ஹெரிற்றேஜ்' என்ற களஞ்சியம் இருக்கிறது. உங்கள் மூலநிரலைத் திறந்த உரிமத்தோடு வெளியே வையுங்கள். அதனுடன் ஒரு தாளில், எந்த ஆண்டில், எந்தத் தொகுப்பானின் எந்தப் பதிப்பில், எந்தத் தலைப்புக் கோப்புகளோடு அது கடைசியாகக் கட்டப்பட்டது என்பதையும் எழுதிவையுங்கள். நெகிழ்வட்டை வாசிக்கும் கருவி கிடைக்காதவர்கள் கொழும்பிலோ சென்னையிலோ பழைய கணினி திருத்துவோரிடம் விசாரித்துப் பாருங்கள்; சிலரிடம் இன்னும் இருக்கிறது.